என்எஸ்-2: 137ஆவது வரியோடு ஒரு குடித்தனம்

என்னிடம் படித்துவிட்டு இப்போது கடலூரில் ஆராய்ச்சி செய்யும் தம்பி போன வாரம் போன் செய்தான். "சார், சென்சார் நெட்வொர்க்குக்கு என்எஸ்-2 போதுமா?" என்எஸ்-2 என்பது நெட்வொர்க்கை நிஜத்தில் அமைக்காமல் கணினியிலேயே ஓட்டிப் பார்க்கும் சிமுலேட்டர். நேரம் பார்த்துத்தான் கேட்டான். அன்றுதான் லேப்டாப் புது டிஸ்கோடு சர்வீஸிலிருந்து புதுச்சேரிக்குத் திரும்பியிருந்தது. எல்லாவற்றையும் மறுபடி ஏற்றிக்கொண்டிருந்தேன்.

என்எஸ்-2இன் கடைசிப் பதிப்பு 2.35. வந்தது 2011 நவம்பரில். அடுத்த மாதம் தானே புயல் வந்து நம் பக்கத்து முந்திரியையும் பலாவையும் சாய்த்துப்போட்டது. தோப்புகள் மறுபடி தழைத்துவிட்டன, என்எஸ்-2 மட்டும் அன்றைக்கு நின்ற இடத்திலேயே நிற்கிறது. புது லினக்ஸில் ஏற்றினால் கடகடவென்று ஓடிவிட்டு, எல்எஸ்.எச் (ls.h) என்ற சோர்ஸ் ஃபைலின் 137ஆவது வரியில் முரண்டு பிடிக்கும். அங்கே 'எரேஸ்' என்பதற்கு முன்னால் 'திஸ்' போட்டு ஓர் அம்புக்குறி வைக்க வேண்டும், அவ்வளவுதான். பழைய ஜிசிசி கம்பைலர் கண்டுகொள்ளாமல் விட்டது, 4.7 வந்ததிலிருந்து விடுவதில்லை. லேபில் முப்பது சிஸ்டம் என்றால் முப்பது தடவை "சார், எரர்!" வருஷா வருஷம் இதே கூத்து.

ஆனால் என்எஸ்-2 ஓட்டத்தைப் படமாகக் காட்டும் 'நாம்' (nam) ஜன்னலைத் திறந்து எனர்ஜி மாடலை ஓடவிட்டால் கோபம் போய்விடும். சென்சார்களின் சக்தி குறையக் குறைய பச்சைப் புள்ளிகள் மஞ்சளாகி, பிறகு சிவப்பாகும். எல்லாத் தகவலும் போய்ச் சேரும் சிங்க் பக்கத்தில் இருப்பவைதான் முதலில் சிவக்கும், ஊர்ப் பாக்கெட்டை எல்லாம் சுமப்பது அவைதானே. இதைப் பலகையில் எத்தனை தடவை வரைந்திருப்பேன்! கடைசி பெஞ்ச் பையன் எழுந்து வந்து பார்த்தது அந்தத் திரையைத்தான்.

ஆராய்ச்சி என்றால் கதை வேறு. சிக்னல் எப்படிப் பரவும் என்று கணக்கிடும் டூ-ரே கிரவுண்ட் மாடலை அப்படியே வைத்தால் 250 மீட்டர் வரை எல்லாப் பாக்கெட்டும் போய்ச் சேரும், அதைத் தாண்டினால் ஒன்றும் போகாது. கோடு கிழித்த மாதிரி. நிஜ மோட்டை (சின்ன சென்சார் கருவி) மழை விட்ட மறுநாள் முந்திரித்தோப்பில் வைத்துப் பார்த்தேன். முப்பதடி நடப்பதற்குள் சிக்னல் தடுமாறியது. அந்த ஈர இலை என்எஸ்-2க்கு எழுதும் எந்த டிசிஎல் ஸ்கிரிப்டில் இருக்கிறது?

"வேண்டாம்பா, கூஜா (Cooja) சிமுலேட்டர் எடுத்துக்கோ. அதில் ஓட்டுற கான்டிகி ஓஎஸ் புரோகிராமையே மோட்டிலும் ஏத்தலாம். இல்லைன்னா என்எஸ்-3" என்றேன். நான் மட்டும் ஏன் மாறவில்லை என்று கேட்டான். என்எஸ்-3இல் என் பழைய ஸ்கிரிப்ட் ஒன்றுகூட ஓடாது என்று மழுப்பினேன்.

அடுத்த வாரம் லேப் ஆரம்பம். 137ஐத் திருத்திய ஃபைலை இந்தத் தடவை பென் டிரைவில் போட்டு வைத்திருக்கிறேன்.