ஒரே அமெரிக்கன் ஏர்லைன்ஸ், இரண்டு கூட்டணி, இரண்டு நியாயம்

பிரிட்டிஷ் ஏர்வேஸுடன் அட்லாண்டிக் வழித்தடங்களில் ஒன்று, குறைந்த கட்டண நிறுவனமான ஜெட்புளூவுடன் நியூயார்க், பாஸ்டன் விமான நிலையங்களில் இன்னொன்று. அமெரிக்கன் ஏர்லைன்ஸ் போட்ட இந்த இரண்டு கூட்டணிகளில் எது போட்டியை அதிகம் நசுக்கும்?

முதலாவதில் இருவரும் உட்கார்ந்து டிக்கெட் விலையையே சேர்ந்து முடிவு செய்யலாம். வேறு தொழிலில் இப்படிச் செய்தால் சிறைகூட உண்டு. இவர்களுக்கோ அமெரிக்கப் போக்குவரத்துத் துறை 2010 ஜூலையில் போட்டிச் சட்டத்திலிருந்து விலக்கே கொடுத்துவிட்டது. இரண்டாவதில் விலையைப் பற்றிப் பேசவே மாட்டோம், அட்டவணையும் வருமானப் பங்கீடும் மட்டும்தான் என்றார்கள். அதை 2023 மே மாதம் நீதிபதி லியோ சொரோக்கின் கலைக்கச் சொன்னார். மாமியார் உடைத்தால் மண்குடம் கதைதான்.

காரணம் இல்லாமல் இல்லை. அமெரிக்க விமான நிறுவனத்தில் வெளிநாட்டவர் 25 சதவீதத்துக்கு மேல் வாக்குரிமைப் பங்கு வைத்திருக்க முடியாது. நாடு தாண்டி இணைய வழியில்லாததால் கூட்டணி அந்த இடத்தை நிரப்புகிறது. எடின்பரோவிலிருந்து லண்டனில் மாறி அமெரிக்காவின் ஒரு சின்ன ஊருக்குப் போகிறவருக்கு லாபமும் உண்டு: இரண்டு நிறுவனம் தனித்தனியாக லாபம் வைப்பதற்குப் பதில் ஒரே லாபம். ஆனால் நியூயார்க்–லண்டன் நேரடி விமானத்தில் ஏறுகிறவருக்கு? இரண்டு போட்டியாளர்கள் ஒருவராகிவிட்டார்கள், அவ்வளவுதான்.

அதை ஈடுகட்டத்தான் லண்டன் ஹீத்ரோ விமான நிலையத்தின் ஸ்லாட், அதாவது விமானம் இறங்கவோ கிளம்பவோ ஒதுக்கும் நேரம். 2002-இல் இதே ஜோடி விலக்குக் கேட்டபோது, வாரத்துக்கு 224 ஸ்லாட்டைப் போட்டியாளர்களுக்கு விட்டுக்கொடுங்கள் என்றது போக்குவரத்துத் துறை. தினமும் 16 விமானம் வந்து போகலாம். ஆளை விடு சாமி என்று இருவரும் ஒதுங்கினார்கள். 2010-இல் கேட்டதோ தினமும் நாலே ஜோடி ஸ்லாட்! அமெரிக்காவுக்கும் ஐரோப்பிய ஒன்றியத்துக்கும் இடையே 2008-இல் அமலான திறந்த வான் ஒப்பந்தம் ஹீத்ரோவை எல்லா அமெரிக்க நிறுவனங்களுக்கும் திறந்துவிட்டது என்பது உண்மைதான். ஆனால் உரிமை வந்தால் போதுமா, இறங்க நேரம் வேண்டாமா?

ஜெட்புளூ விஷயத்தில் நீதிமன்றம் செய்தது சரி என்பேன். விலையை உடைக்கிற நிறுவனத்தைப் பெரியவரின் பங்காளியாக்கினால் அப்புறம் விலையை யார் உடைப்பது? அதே கண்ணாடியைப் போட்டு ஹீத்ரோவையும் பார்த்திருக்க வேண்டும். அங்கே ஜெட்புளூ முதன்முதலாக இறங்கியது 2021 ஆகஸ்டில், விலக்கு கொடுத்துப் பதினோரு வருஷம் கழித்து.