பார்டர் கோலி குட்டிக்குப் போன 48,000 ரூபாய்: சேலத்தில் வாங்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள்

வயிறு எரிகிற சூட்டோடு எழுதுகிறேன். கோர்வையாக இருக்காது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஏற்காடு அடிவாரத்துப் பக்கம் ஒரு நாய்ப் பண்ணையில் பார்டர் கோலி குட்டி வாங்கினோம். குட்டிக்கு 35,000. அப்புறம் டிரெய்னிங் என்று 13,000. மொத்தம் 48,000 ரூபாய். நுகர்வோர் ஆணையத்தில் மனு போடப் போவதால் இப்போதைக்குப் பண்ணையின் பெயரைப் போட வேண்டாம் என்கிறார் வீட்டுக்காரர். அதனால் போடவில்லை. குட்டி வாங்குமுன் என்னென்ன பார்க்க வேண்டும் என்பதைக் கடைசியில் விவரமாக எழுதுகிறேன். முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

நாங்கள் அழகாபுரத்தில் இருக்கிறோம். கீழ் போர்ஷன், முன்னால் ஒரு கார் நிற்கிற அளவுக்கு வாசல். வீட்டுக்காரருக்கு இரும்பாலையில் ஷிஃப்ட் வேலை. பையன் நான்காவது படிக்கிறான். மாமியாருக்கு முழங்கால் தேய்மானம், வாக்கர் பிடித்துத்தான் நடப்பார். இது அத்தனையையும் பண்ணைக்காரரிடம் சொன்னோம். அவரே ஒவ்வொன்றாகக் கேட்டார். வீடு எவ்வளவு பெரிது, பகலில் யார் இருப்பார்கள், குழந்தைக்கு எத்தனை வயது என்று அக்கறையாகக் கேட்டார். எல்லாம் கேட்டுவிட்டு, "உங்க வீட்டுக்குன்னே பிறந்த மாதிரி ஒரு குட்டி இருக்குக்கா" என்றார். காலையில் கால் மணி நேரம் நடத்தினால் போதுமாம். மீதி நேரமெல்லாம் காலடியில் படுத்துக் கிடக்குமாம்.

பலா மரத்தடியில் சேர் போட்டு உட்கார வைத்தார். டீ வந்தது. தாய் நாயைக் கூட்டிவந்தார்கள். அது நேராக வந்து மாமியாரின் செருப்புக்குப் பக்கத்தில் படுத்துத் தலையைத் தரையில் வைத்துக்கொண்டது. "பாருங்க அம்மா, தெரியாத ஆளுகிட்டயே எவ்ளோ சாந்தம்" என்றார். மாமியாருக்குக் கண் கலங்கிவிட்டது. குட்டி போட்டு வாரக்கணக்கில் பால் கொடுத்துக் களைத்துப்போன நாய் அப்படித்தான் படுக்கும் என்று கால்நடை டாக்டர் பின்னால் சொன்னார். அன்று யாருக்குத் தெரியும்?

அப்புறம் அவர் செய்ததை என்னால் மறக்கவே முடியாது. விலையைப் பற்றி வீட்டுக்காரர் வாயைத் திறக்கும்போதே, ஒரு குட்டியைத் தூக்கி என் மகன் மடியில் வைத்துவிட்டு, "காசப் பத்தி அப்புறம் பேசலாம்க்கா, முதல்ல தம்பி தூக்கட்டும்" என்றார். கறுப்பு உடம்பு, வெள்ளைக் கழுத்து, மூக்கிலிருந்து நெற்றி வரை ஒரு வெள்ளைக் கோடு. பையன் அங்கேயே மைனா என்று பெயர் வைத்துவிட்டான். அதற்கு மேல் எந்தத் தாய் பேரம் பேசுவாள்? ஜிபேயில் 35,000 போட்டோம். பணம் வேறு யாரோ ஒருவர் பெயருக்குப் போனது. "மச்சான் நம்பர்க்கா" என்றார். கேசிஐ பேப்பர் (இந்திய கென்னல் கிளப் கொடுக்கிற இனப் பதிவுச் சான்று) ஒரு மாதத்தில் வீடு தேடி வரும், மைக்ரோசிப் (தோலுக்கடியில் வைக்கிற அடையாளச் சில்லு) போட்டாயிற்று, தடுப்பூசி போட்டாயிற்று என்று சொல்லி ஒரு துண்டுச் சீட்டும் ஒரு நோட்டும் கொடுத்தார். சீட்டில் 'பெட் 1, ரூ.35,000, ரிட்டர்ன் இல்லை' என்று மட்டும் இருக்கிறது. பார்டர் கோலி என்ற வார்த்தையே அதில் கிடையாது.

அறிவைப் பற்றியும் பெருமையாகப் பேசினார். அமெரிக்காவில் ஒரு பார்டர் கோலி ஆயிரம் வார்த்தை கற்றுக்கொண்டதாம், தம்பிக்குப் படிப்பில்கூட ஊக்கமாக இருக்குமாம். அது உண்மைதான். சேசர் என்ற அந்த நாய் 1,022 பொம்மைகளைப் பெயர் சொன்னால் எடுத்துவந்தது. ஜான் பில்லி என்ற உளவியல் பேராசிரியர் அதை வளர்த்தார், 2011ல் ஆய்வுக் கட்டுரையே வந்தது. ஆனால் அந்தப் பேராசிரியர் மூன்று வருடம், ஒரு நாளைக்கு நாலைந்து மணி நேரம் அதனோடு உட்கார்ந்திருக்கிறார். பண்ணைக்காரர் முதல் பாதியைச் சொன்னார், இரண்டாம் பாதியை விழுங்கிவிட்டார். அவர் சொன்னதெல்லாம் இப்படித்தான்.

நாலைந்து மாதம் ஆனதும் மைனா மாறினாள். சாயங்காலம் தெருவில் பிள்ளைகள் சைக்கிள் விடுவார்கள். இவள் குரைக்க மாட்டாள். தலையைத் தோளுக்குக் கீழே இறக்கி, ஒரு முன்னங்காலை மடக்கித் தூக்கியபடி, இமைக்காமல் பார்ப்பாள். அப்புறம் வயிறு தரையில் உரசுகிற மாதிரி பதுங்கிப் போய், வளைத்து ஒரு ஓட்டம். ஓடுகிற பிள்ளைகள் எல்லாரையும் கேட் மூலையில் கொண்டுவந்து சேர்த்துவிட்டு, முன்னால் படுத்துக்கொண்டு காவல் காப்பாள். முதலில் எல்லாரும் ரசித்தோம். ஒருநாள் பக்கத்து வீட்டுப் பெண் குழந்தை அந்த மூலையிலிருந்து ஓடப் பார்த்தது, மைனா குதிகாலைக் கவ்விவிட்டாள். ஆழமாக இல்லை, ஆனால் பல் பதிந்து ரத்தம் வந்தது. அந்தப் பிஞ்சுக் குழந்தை ஜி.எச்.சில் வெறிநாய்க்கடி ஊசி போட்டுக்கொண்டு அழுதது என் கண்ணிலேயே நிற்கிறது. அவர்கள் வீட்டில் இன்றுவரை எங்களோடு பேச்சு இல்லை.

வீட்டுக்குள் அதைவிடக் கஷ்டம். மாமியார் அடுப்படியிலிருந்து ஹாலுக்கு வரக் கிளம்பினால் மைனா வந்து குறுக்கே நிற்பாள். இவர் இடது பக்கம் திரும்பினால் அவளும் இடது, வலது என்றால் வலது. வாக்கரைப் பிடித்தபடி அடுப்படியிலேயே நின்று, "எம்மா, யாராச்சும் வாங்களேன்" என்று என்னைக் கூப்பிடுவார். ஃபேன் ஓடினால் தரையில் விழுகிற நிழலைத் துரத்துவாள். விரட்டினாலும் நிற்காது. பாதத்தின் அடியில் தோல் உரிந்து, மொசைக் தரையில் ரத்தப் பொட்டுகள். நல்ல சித்திரை வெயிலில் ஃபேனை நிறுத்திவிட்டு உட்கார்ந்த குடும்பம் எங்கள் குடும்பம்.

கால்நடை டாக்டர்தான் எங்களுக்கு விளக்கினார். "ஏம்மா, இது ஆடு மேய்க்கிற நாய். இது கெட்டுப்போகல, அதோட வேலையத்தான் செய்யுது" என்றார். இங்கிலாந்துக்கும் ஸ்காட்லாந்துக்கும் நடுவில் இருக்கிற மலைப்பக்கத்து நாய் இது. நார்தம்பர்லாந்தில் ஆடம் டெல்ஃபர் என்பவரிடம் 1893ல் பிறந்த ஓல்ட் ஹெம்ப் என்ற நாயின் வழியில் வந்த இனம். அந்த நாய் சத்தமே போடாமல் பார்வையாலேயே ஆடுகளை நகர்த்துமாம். அதற்கப்புறம் நூறு வருடத்துக்கு மேலாக, அழகைப் பார்க்காமல், வேலை செய்கிற நாயாகப் பார்த்துப் பார்த்து இனம் சேர்த்திருக்கிறார்கள். ஓட்டம் மட்டும் கொடுத்தால் போதாது, மூளைக்கும் வேலை கொடுக்க வேண்டும். அது இல்லாவிட்டால் நிழலையோ சைக்கிளையோ குழந்தையையோ அதுவே தேடி எடுத்துக்கொள்ளும். போதாததற்கு உடம்பில் இரண்டு அடுக்கு முடி. சேலத்தில் காலை ஏழு மணிக்கு மேல் ஓட விட்டால் நாக்கைத் தொங்கப் போட்டு மூச்சு வாங்குகிறாள். மத்தியானத் தார் ரோட்டில் அவளை இறக்கவே முடியாது. ஏற்காட்டுக் குளிரில் இருக்க வேண்டியதை அடிவாரத்தில் வைத்து, "சேலம் கிளைமேட்டுக்கு செட் ஆயிருச்சுக்கா" என்று விற்றிருக்கிறார்.

டாக்டர் ஸ்கேனரைக் கழுத்தில், தோளில், முதுகில் எல்லாம் ஓட்டிப் பார்த்தார். சிப் இல்லை. தடுப்பூசி நோட்டைப் புரட்டிப் பார்த்தார். மருந்துக் குப்பியிலிருந்து உரித்து ஒட்டுகிற லேபிள் ஒன்றுகூட இல்லை, டாக்டர் கையெழுத்தும் இல்லை. பேனாவால் தேதி மட்டும் எழுதியிருந்தது. பார்வோ என்று குட்டிகளைக் கொல்கிற வைரஸ் நோய்க்கான ஊசியே போடாமல் வந்திருக்கலாம், உயிரோடு இருப்பது அதிர்ஷ்டம் என்றார். எனக்குக் கை நடுங்கியது.

அங்கிருந்தே பண்ணைக்காரருக்கு போன் போட்டேன். அன்று ஆரம்பித்த அலைச்சல். முதலில், "சிப்பு உள்ளயே நகர்ந்திருக்கும்க்கா." அப்புறம், "கேசிஐ ஆபீஸ்ல லேட்டுக்கா, மெட்ராஸ்ல இருந்து வரணும்ல." கடித்த விஷயத்தைச் சொன்னதும் குரல் மாறியது. "நீங்க வளர்த்த விதம் சரியில்ல மேடம்." அதுவரை அக்காவாக இருந்த நான் அன்றிலிருந்து மேடம் ஆகிவிட்டேன். தன் பண்ணையிலேயே விட்டால் சரி செய்து தருவதாகச் சொல்லி 13,000 வாங்கினார். கடிபட்ட குழந்தையின் அப்பா கேட் முன்னால் வந்து நின்று கத்திவிட்டுப் போன வாரம் அது. வேறு வழி இல்லாமல் கொடுத்தோம்.

பார்க்கப் போனால் உள்ளே விட மாட்டார்கள், ஓனர்களைப் பார்த்தால் டிரெய்னிங் கெட்டுவிடும் என்பார்கள். வீடியோ கேட்டால் பழைய வீடியோ வரும். மைனா திரும்பி வந்த அன்று குளிப்பாட்டும்போது கழுத்து முடியை விலக்கினேன். பட்டை அழுந்தி, சுற்றிலும் தோல் கிழிந்து சீழ் வைத்திருந்தது. முழு நேரமும் கட்டிப்போட்டே வைத்திருக்கிறார்கள். ஓடப் பிறந்த நாயைக் கட்டிப்போட்டு அதற்கு 13,000! பையன் கையைத் தூக்கினாலே பதுங்கினாள். சைக்கிளைக் கண்டதும் பழையபடி பாய்ந்தாள். போன் செய்தால் எடுப்பதில்லை. வாட்ஸ்அப்பில் நீல டிக் விழும், பதில் வராது. வீட்டுக்காரர் நேரில் போனார். "கோர்ட்டுக்குப் போங்க சார், சீட்டுல என்ன எழுதியிருக்குன்னு படிச்சுப் பாருங்க" என்று சொல்லி கேட்டைச் சாத்திவிட்டார்களாம். அந்தச் சீட்டில் இனத்தின் பெயரை எழுதாதது எதற்காக என்று அன்றுதான் எங்களுக்குப் புரிந்தது. 48,000 ரூபாய். வீட்டுக்காரர் எத்தனை நைட் ஷிஃப்ட் பார்த்துச் சேர்த்த பணம்!

இதெல்லாம்கூடப் பொறுப்பேன். நேற்று தெரிய வந்ததைத்தான் பொறுக்க முடியவில்லை. வீட்டுக்காரரோடு வேலை செய்பவர் ஒருவருக்கு மேச்சேரிப் பக்கம் சொந்த ஊர், அவர் அண்ணன் மேச்சேரி ஆடு வளர்க்கிறார். அந்த அண்ணனுக்கு இதே பண்ணைக்காரர் அனுப்பிய வாட்ஸ்அப் விளம்பரத்தைக் காட்டினார். நாங்கள் மைனாவை வாங்கிய அதே மாதம், அதே தாய் நாயின் படம், அதே குட்டிகள். கீழே எழுதியிருந்தது: 'ஒரிஜினல் ஆடு மேய்க்கும் நாய். நாள் பூரா ஓடும், சளைக்காது. சும்மா உட்காராது. தோட்டம், பண்ணை உள்ளவர்களுக்கு மட்டும்.'

தோட்டம், பண்ணை உள்ளவர்களுக்கு மட்டும்! எல்லாம் தெரிந்திருக்கிறது. தெரிந்தே, வாக்கர் பிடித்து நடக்கிற கிழவி இருக்கிற வீட்டுக்கு, ஒரு கார் நிற்கிற வாசலுக்கு, "காலடியில படுத்துக் கிடக்கும்" என்று சொல்லி என் மகன் மடியில் தூக்கி வைத்திருக்கிறார். எங்களை மட்டுமா ஏமாற்றினார்? அந்த வாயில்லா ஜீவனையும்தான். அவள் மேச்சேரியில் ஆட்டு மந்தைக்குப் பின்னால் ஓடியிருந்தால் எல்லாரும் மெச்சியிருப்பார்கள். இங்கே ஃபேன் நிழலைத் துரத்திப் பாதம் தேய்கிறாள்.

மைனாவை நாங்கள் விடவில்லை. வெயில் ஏறுமுன் வீட்டுக்காரரோ நானோ கன்னங்குறிச்சிப் பக்கம் காலி மனைகளில் நீளக் கயிற்றில் ஓட விடுகிறோம். சாப்பாட்டைத் தட்டில் வைப்பதில்லை, பையன் வீடு முழுக்க ஒளித்து வைக்கிறான், அவள் தேடி எடுக்கிறாள். மாமியார் நடக்கும்போது "இரு" என்றால் இப்போது பாதி நேரம் இருக்கிறாள். ஆனால் ஒரு ஆள் முழுநேரமும் அவளோடு இருந்தாக வேண்டியிருக்கிறது. நான் வீட்டில் தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்த பிளவுஸ் ஆர்டர்கள் பாதியாகிவிட்டன.

சரி, என்னென்ன பார்க்க வேண்டும் என்று எழுதுவதாகச் சொன்னேன். மணி பன்னிரண்டாகிறது, கை ஓய்ந்துவிட்டது, முக்கியமானதை மட்டும் சொல்கிறேன். நாய் இனப்பெருக்கம், விற்பனை பற்றி 2017ல் மத்திய அரசு விதிகள் போட்டிருக்கிறது. மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு இருக்க வேண்டும், எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது. பதிவுச் சான்றிதழைக் கண்ணால் பார்க்காமல் உட்காரவே உட்காராதீர்கள். சிப் இருக்கிறது என்றால் அங்கேயே ஸ்கேன் செய்து நம்பரைக் காட்டச் சொல்லுங்கள். தடுப்பூசி நோட்டில் லேபிளும் டாக்டர் கையெழுத்தும் வேண்டும். பில்லில் இனத்தின் பெயரை எழுதச் சொல்லுங்கள். எழுத மறுத்தால் கிளம்பிவிடுங்கள். பணத்தை மச்சான் நம்பருக்குப் போடாதீர்கள். குழந்தையைக் கூட்டிக்கொண்டு போகாதீர்கள். கோலி வகை நாய்களில் சிலவற்றுக்கு உண்ணிக்குப் போடுகிற ஐவர்மெக்டின் ஊசி அளவு கூடினால் உயிருக்கே ஆபத்தாம், டாக்டரைக் கேட்காமல் யாரையும் ஊசி போட விடாதீர்கள்.

ஏற்கெனவே ஏமாந்தவர்கள் 1915க்கு போன் செய்யுங்கள். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் வரை மனுவுக்குக் கட்டணம் கிடையாது, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். எங்கள் மனு திங்கட்கிழமை போகிறது.

அந்தப் பண்ணைக்காரர் இன்று காலை ஸ்டேட்டஸ் போட்டிருக்கிறார், புதுக் குட்டிகள் வந்திருக்கிறதாம், ஞாயிற்றுக்கிழமை பார்க்க வரலாமாம். அடிவாரத்துப் பக்கம் பார்டர் கோலிக்கு முன்பணம் கொடுத்தவர்கள் யாராவது இதைப் படித்தால் மீதிப் பணத்தைக் கட்டுவதற்கு முன்னால் எனக்கு ஒரு மெசேஜ் போடுங்கள். துண்டுச் சீட்டு, நோட்டு, மேச்சேரி விளம்பரம் மூன்றையும் படம் எடுத்து வைத்திருக்கிறேன், உடனே அனுப்புகிறேன்.