612 தொடர்புகளும் ஒரு பழைய மடிக்கணினியும்: ரேடிகேல் அனுபவம்

மெய்ப்புத் திருத்துவது என் தொழில். கைப்பேசியிலிருந்த 612 தொடர்புகளையும் ஒரே கோப்பாக ஏற்றுமதி செய்து, ஒழுங்காக இருக்கிறதா என்று உரைத் திருத்தியில் திறந்தவன் பதறிப்போனேன். ‘அம்மா’ இருக்க வேண்டிய இடத்தில் சமக்குறிகளும் எண்களும் ஆங்கில எழுத்துகளுமாக 45 குறிகள்! தொடர்புகளைக் கோப்பாக்கும் பழைய வீகார்டு 2.1 வடிவம் தமிழை அப்படித்தான் பொதிந்து வைக்கும் என்று பிறகுதான் தெரிந்தது.

அதுவரை என் எண்கள் ஓர் இணையக் கணக்கில், எங்கோ யாருடைய கணினியிலோ இருந்தன. ஒரு நாள் காரணம் சொல்லாமல் அந்தக் கணக்கை முடக்கினார்கள். மீட்க நான்கு நாள் ஆயிற்று. அன்றே முடிவெடுத்தேன்: இனி வீட்டிலேயே.

நான் தேர்ந்தெடுத்தது ரேடிகேல். தொடர்புகளை ஓரிடத்தில் வைத்துக் கைப்பேசிகளோடு ஒத்திசைக்கும், பைத்தான் நிரல்மொழியில் எழுதிய சிறு சேவையக மென்பொருள், இலவசம். தரவுத்தளம் எதுவும் கிடையாது. ஒரு கோப்புறை, அதற்குள் ஒவ்வொரு தொடர்புக்கும் ஒரு கோப்பு. மூலையில் தூங்கிய பழைய மடிக்கணினியே போதுமானதாக இருந்தது. நிறுவ அரை மணி நேரம். ஆனால் கைப்பேசி அதைக் கண்டுபிடிக்க மறுத்ததில் ஒரு மாலைப்பொழுது போனது. ரேடிகேல் இயல்பாகத் தன் சொந்தக் கணினிக்கு மட்டுமே, 5232 என்ற போர்ட்டில் (இணைப்பு வாயிலில்), பதில் சொல்லும். அமைப்புக் கோப்பில் ஒரு வரியை மாற்றினால் தீர்ந்தது. ஆவணத்தில் தெளிவாகவே எழுதியிருக்கிறார்கள்; படிக்காதது என் தவறு.

ஆண்ட்ராய்டில் சேவையகத்தோடு ஒத்திசைக்க டேவ்எக்ஸ்5 செயலி தேவை. எஃப்-டிராய்டு என்ற செயலிக் களஞ்சியத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. ஐஃபோனுக்குத் தனிச் செயலி வேண்டாம். கார்ட்டேவ் (தொடர்புகளை ஒத்திசைக்கும் நெறிமுறை) கணக்கு சேர்க்கும் வசதி உள்ளேயே உண்டு. அந்த ஏற்றுமதிக் கோப்பை டேவ்எக்ஸ்5 கணக்கில் இறக்குமதி செய்து, சேவையகத்துக்குப் போனதும் திறந்து பார்த்தேன். அம்மா அம்மாவாகவே இருந்தார்.

மனைவியின் கைப்பேசியில்தான் சிக்கல். புதிய எண்ணை எந்தக் கணக்கில் சேமிப்பது என்று மாற்ற மறந்துவிட்டேன். இரண்டு வாரம் அவர் சேர்த்ததெல்லாம் கைப்பேசி நினைவகத்திலேயே தங்கிவிட்டது. “உங்கள் சேவையகத்தில் பிளம்பர் எண் இருக்கிறதா?” என்று கேட்டார். இல்லை.

குறையென்றால், ரேடிகேலின் இணையப் பக்கம். முகவரிப் புத்தகத்தை உருவாக்கலாம், ஏற்றலாம், இறக்கலாம், அழிக்கலாம். உள்ளே யார் யார் இருக்கிறார்கள் என்று மட்டும் காட்டாது. உலாவியிலேயே பெயர்களைத் திருத்த விரும்புகிறவர்கள் நெக்ஸ்ட்கிளவுட் என்ற பெரிய சேவையக மென்பொருள் பக்கம் போகலாம். எனக்கு அது எலி பிடிக்க யானை வளர்ப்பது போல.

இன்னொன்றையும் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். ஒரு நாள் கைப்பேசியில் முப்பது பேரைத் தவறுதலாக அழித்தேன். ஒத்திசைவு தன் கடமையைச் செய்தது: சேவையகத்திலும் அழித்தது, மனைவியின் கைப்பேசியிலும் அழித்தது. நல்லவேளையாக, ஒவ்வொரு மாற்றத்தையும் கிட்டில் (கோப்புகளின் பழைய பதிப்புகளைச் சேமிக்கும் கருவி) பதியும்படி ரேடிகேலின் அமைப்பில் முன்பே ஒரு வரி சேர்த்திருந்தேன். சேவையகத்தை நிறுத்தி, பழைய கோப்புகளை மீட்டு, மறுபடி ஓடவிட்டதும் முப்பது பேரும் திரும்பினார்கள். அந்த வரி இல்லாமல் இதை யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

வீட்டு வைஃபைக்கு வெளியே சேவையகத்தை நான் திறந்துவிடவில்லை. வெளியில் சேர்த்த எண் வீடு திரும்பிய பிறகே மற்றக் கைப்பேசிக்குப் போகும். போன வாரம் மடிக்கணினியின் சார்ஜர் கழன்று இரண்டு நாள் அணைந்தே கிடந்தது. எண்களின் பிரதி கைப்பேசியிலேயே இருப்பதால் வீட்டில் ஒருவரும் கவனிக்கவில்லை, நான் உட்பட.