வாஷிங் மெஷின் தண்ணி தரையில பொங்குதா? "பம்ப் போச்சு"ன்னு சொல்றவனை நம்பாதீங்க

மடிப்பாக்கம், மேடவாக்கம், வேளச்சேரி பக்கம் இருக்கறவங்க கண்டிப்பா படிங்க. மத்த ஊர்க்காரங்களும் படிங்க, இவனுங்க எங்கதான் இல்ல.

எங்க வீட்டுல ஃப்ரண்ட் லோடு மெஷின், கிச்சனை ஒட்டின சர்வீஸ் ஏரியாவுல இருக்கு. கொஞ்ச நாளாவே மெஷின் தண்ணிய வெளிய தள்றப்போ எல்லாம் தரையில தண்ணி போற ஓட்டைய மூடியிருக்கற ஜாலி (கம்பி மூடி) வழியா நுரை நுரையா பொங்கி மேல ஏறி, கூடவே சிங்க்ல கழுவுன சோத்துப் பருக்கையும் சேர்ந்து கிச்சனுக்குள்ள வந்துடும். அரிசி மூட்டை அடி நனைஞ்சு போச்சு. மாமியார் பழைய நைட்டிய சுருட்டி வாசப்படியில அணை போட்டு வச்சிருந்தாங்க.

நெட்ல மெஷின் கம்பெனி பேரைப் போட்டு கஸ்டமர் கேர்னு தேடினதும் முதல்ல வந்த நம்பருக்கு வீட்டுக்காரர் போன் பண்ணாரு. அந்தப் பக்கம் ஒரு பொண்ணு ரொம்ப மரியாதையா பேசி, கம்ப்ளைண்ட் நம்பர்னு ஒண்ணு குடுத்து, அன்னிக்கு சாயங்காலமே ஆளும் அனுப்பிடுச்சு. கம்பெனி டீ-ஷர்ட், கழுத்துல அடையாள அட்டை எல்லாம் பக்காவா இருந்துது. அந்தத் தம்பி வந்ததும் ஜாலிய திரும்பிக்கூட பாக்கல, நேரா மெஷினை முன்னாடி இழுத்துப் போட்டான். "மேடம் ஒரு பழைய துணியும் ஒரு மக்கும் குடுங்க"ன்னான். நான் உள்ள போய் எடுத்துட்டு வர்றதுக்குள்ள கையில கருகிப்போன ஒரு சின்ன மோட்டரை வச்சுக்கிட்டு நிக்கிறான். "ட்ரெயின் பம்ப், அதான் தண்ணிய வெளிய தள்ற பம்ப், அவுட் மேடம், பாருங்க காயில் எப்படி எரிஞ்சிருக்குன்னு, இதோடயே ஓட்டினா மெஷினோட சர்க்யூட் போர்டு, பிசிபி போயிடும், அது பத்தாயிரம்."

பம்ப் 2,400, லேபர் 600, விசிட் 450. மொத்தம் 3,450 ரூபா ஜிபேல வாங்கிக்கிட்டான். பில் கேட்டதுக்கு ஜிஎஸ்டி நம்பரே இல்லாத ஒரு தாள்ல பேனாவால எழுதிக் குடுத்தான், கீழ "3 மாசம் வாரண்டி". பழைய பம்பை வச்சுட்டுப் போப்பான்னா, "ஆபீஸ்ல ஒப்படைக்கணும் மேடம்"னு பையில போட்டுக்கிட்டுக் கிளம்பிட்டான்.

மறுநாள் பெட்ஷீட் போட்டோம். அதே பொங்கல்.

அந்த நம்பருக்கு அடிச்சா முதல்ல "ஆள் வருவாங்க"ன்னாங்க, அப்புறம் எடுக்கவே இல்ல. வெறுத்துப்போய் எங்க தெரு பிளம்பரைக் கூப்பிட்டோம். அவர் வந்து கேட்ட முதல் கேள்வி, "அக்கா, தண்ணி மெஷின்லயே நிக்குதா, இல்ல வெளிய வந்து தரையில நிக்குதா?" தரையிலன்னேன். ட்ரெயின் ஹோஸை உருவி ஒரு பக்கெட்டுக்குள்ள விட்டு, மெஷினை ஸ்பின்ல போடச் சொன்னாரு. சர்ருன்னு பக்கெட் நிறையுது! "மெஷின் நல்லா தள்ளுதுக்கா, வாங்கிக்கிற இடம்தான் அடைச்சிருக்கு." அவ்வளவுதான் விஷயம். பம்ப் நிஜமாவே போயிருந்தா தண்ணி டிரம்லயே நிக்கும், கதவு திறக்காது, மெஷின் எரர் காட்டிட்டு நின்னுடும். தண்ணி வெளிய வந்து தரையில பொங்குதுன்னா பம்ப் உயிரோட இருக்குன்னுதானே அர்த்தம். இதைப் பக்கெட் வச்சு யார் வேணா பாத்துக்கலாம், அஞ்சு பைசா செலவில்ல.

அப்புறம் கையில கவரை மாட்டிக்கிட்டு ஜாலிய நெம்பி எடுத்து, அதுக்குக் கீழ தரைக்குள்ள குப்பையும் நாத்தமும் தடுக்க வச்சிருக்கற நஹானி ட்ராப்புக்குள்ள இருக்கற கிண்ணத்தைக் கழட்டினாரு. உள்ள இருந்து சாம்பல் கலர்ல, ஊறிப்போன கம்பளி மாதிரி ஒரு கட்டி வருது, இழுக்க இழுக்க வருது. துணியில இருந்து உதிர்ற பஞ்சு, சோப்புத்தூள் கசடு, சிங்க்ல ஊத்துற எண்ணெய் பிசுக்கு, தலைமுடி எல்லாம் சேர்ந்து இறுகிப் போனது. அதுக்கும் அந்தாண்ட பைப்புக்குள்ள ஸ்பிரிங் விட்டுக் குடைஞ்சதுல டைல்ஸ் ஒட்டறப்போ கழுவி விட்ட சிமெண்ட்டு, கட்டி கட்டியா வந்துது (பில்டர் புண்ணியம், அது தனிக் கதை). சிங்க் தண்ணி கொஞ்சம் கொஞ்சமா போறதால பாதி அடைச்ச பைப்பு தாங்கிட்டு இருந்துச்சாம், மெஷின் பம்ப் நிமிஷத்துக்கு பத்து லிட்டருக்கு மேல ஒரேயடியா தள்றதால திரும்பி மேல வந்திருக்கு. கூலி 500 ரூபா. குடுத்ததுக்கு மேல டீ மட்டும் கேட்டாரு.

இதோட விட்டிருப்பேன். ஆனா 2,400 குடுத்து போட்ட புது பம்பாவது ஒரிஜினலான்னு பாக்கணும்னு வாரண்டி கார்டுல இருக்கற நம்பருக்குப் போட்டு நிஜக் கம்பெனி ஆளை வரவச்சேன். அங்க எங்க பேர்ல கம்ப்ளைண்ட்டே பதிவாகலயாம். வந்தவர் அடியில திறந்து டார்ச் அடிச்சுக் காட்டினாரு, உள்ள இருக்கறது மெஷினோட வந்த அதே பம்ப், ஸ்டிக்கர்ல 2019-னு போட்டிருக்கு, சுத்தி தூசி கூட கலையல! அப்போ அவன் காட்டின கருகின மோட்டர்? அது அவன் பையிலயே வந்தது. அடுத்த வீட்டுலயும் அதையேதான் காட்டியிருப்பான். எனக்கு காசு போனதைவிட, மக்கும் துணியும் எடுக்க என்னை உள்ள அனுப்பினான் பாருங்க, அதுதான் இன்னும் எரியுது.

அதனால சர்வீஸ் நம்பரை நெட்ல தேடாதீங்க, வாரண்டி கார்டு இல்லன்னா மெஷின் மேல ஒட்டியிருக்கற ஸ்டிக்கர்ல பாருங்க. புக்கிங்குக்கு பத்து ரூபா கட்டுங்கன்னு லிங்க் அனுப்பினாலோ, போன்ல ஏதாவது ஆப் போடச் சொன்னாலோ உடனே கட் பண்ணுங்க, அது இதைவிடப் பெரிய திருட்டு, அக்கவுண்ட்டையே துடைச்சிடுவானுங்க, பணம் போச்சுன்னா லேட் பண்ணாம சைபர் மோசடி ஹெல்ப்லைன் 1930-க்கு அடிங்க. கழட்டறப்போ பக்கத்துலயே நில்லுங்க, அவன் மக் கேட்டா பசங்களை அனுப்புங்க. பழைய பார்ட்டை வாங்கி வச்சுக்கிட்டு அப்புறம் காசு குடுங்க, அது உங்க பொருள்.

அடைப்புக்கு ஆசிட் ஊத்தலாமான்னு கேப்பீங்க. எங்க பிளம்பர் வேண்டவே வேண்டாம்னுட்டாரு. பஞ்சு ஆசிட்ல சரியா கரையாது, நாளைக்கு கை விடறவனுக்குத்தான் ஆபத்து. கடையில விக்கிற ட்ரெயின் பவுடர் போட்ட இடத்துல ஆசிட் ஊத்தினா மூஞ்சிலயே தெறிக்கும். கொதிக்கிற தண்ணியும் வேணாம், பிவிசி பைப் இளகிடும், கை பொறுக்கற சூடு போதும். ஹோஸ் நுனியில ஒரு வலைத்துணி கட்டி, அதுல சேர்ற பஞ்சை அப்பப்போ எடுத்துப் போட்டுக்கிட்டு வர்றேன், இதுவரைக்கும் பொங்கல. வலைய சுத்தம் பண்ணாம விட்டா அதுவே அடைக்கும், பாத்துக்கோங்க.

நுகர்வோர் ஹெல்ப்லைன் 1915-ல புகார் குடுத்திருக்கேன், ஜிபே ஸ்க்ரீன்ஷாட்டும் அந்தத் தாளும் வச்சிருக்கேன். நெட்ல அந்த நம்பரையும் போலின்னு ரிப்போர்ட் பண்ணேன். பண்றப்போ பாத்தா அதே நம்பர் ஃப்ரிட்ஜ் சர்வீஸ்னு வேற ஒரு கம்பெனி பேர்லயும் இருக்கு, அதையும் சேர்த்து ரிப்போர்ட் பண்ணியிருக்கேன். இதே மாதிரி கருகின மோட்டர் யாருக்காவது காட்டியிருந்தா கீழ சொல்லுங்க, எல்லாரும் சேர்ந்து குடுத்தா கேஸ் கொஞ்சம் வலுவாகும்.