எளிமை வேண்டுமென்றால் எந்த ஜெர்மன் அலமாரி?

ஜெர்மனியின் பழைய மரச்சாமான் என்றதும் பலருக்கு நினைவு வருவது, தலையில் மகுடம் வைத்தாற்போல் அறையை அடைத்து நிற்கும் கரும்பழுப்பு அலமாரிதான். அது க்ரூண்டர்ட்சைட் காலத்துச் சரக்கு. 1871இல் பேரரசு உருவான பிறகு, புதுப்பணம் புழங்கிய ஆண்டுகளில் செய்தது. கடைசல் தூண்களும் செதுக்கல்களும் பெரும்பாலும் இயந்திரத்தின் துணையோடு வந்தவை. உறுதியில் குறையே இல்லை. ஆனால் தாழ்வான கூரையுள்ள வீட்டில் இதை வைத்தால் மூச்சு முட்டும்.

என் மனம் போவது பீடர்மையர் பக்கம்தான். 1815 முதல் 1848 வரையிலான காலம் அது. தணிக்கைக்கு அஞ்சி அரசியல் பேச முடியாத நடுத்தர வர்க்கம், வீட்டுக்குள்ளேயே தன் உலகத்தை அமைத்துக்கொண்டது. செர்ரி, பிர்ச், வால்நட் மரங்களின் ரேகையே அக்காலத்து மரச்சாமானுக்கு அலங்காரம். ஒரே கட்டையில் அடுத்தடுத்து அறுத்த வெனீர் என்னும் மெல்லிய மரத்தகடுகளைப் புத்தகம் விரித்தாற்போல் ஒட்டுவார்கள். எழுதுமேசை அலமாரியில் அந்த ரேகை கீழ் இழுப்பறையிலிருந்து மேல் கதவு வரை தீக்கொழுந்துபோல் ஏறும். பார்த்துக்கொண்டே இருக்கலாம்.

வாங்கும்முன் இழுப்பறையை வெளியே இழுத்து ஓரத்தைப் பாருங்கள். கையால் அறுத்த வெனீர் தடிமனாக இருக்கும். காகிதம்போல் மெலிந்திருந்தால் பிற்காலத்தது. மேலே பூசியிருக்கும் மெருகு பெரும்பாலும் அவலரக்கு, நம் நாட்டு மரங்களில் பூச்சி சுரக்கும் அதே அரக்கு. சூடான கோப்பையை வைத்தால் வெள்ளைத் தடம் விழும், சாராயம் பட்டால் கரையும். ஹீட்டர் அருகே வைக்கவே கூடாது. குளிர்கால வறட்சியில் வெனீர் வெடிக்கும்.

பவேரியக் கிராமத்து வண்ண அலமாரிகள் வேறு ரகம். மலிவான ஸ்ப்ரூஸ் மரம் என்பதால் முழுக்கப் பூவேலை தீட்டினார்கள். சிலவற்றில் மணப்பெண்ணின் பெயரும் ஆண்டும் இருக்கும். மரம் தெரியட்டும் என்று காரத்தில் முக்கி வண்ணத்தை உரித்தவை சந்தைக்கு நிறைய வருகின்றன. அப்படி உரித்ததில் பசையும் தளர்ந்திருக்கலாம். எனக்கு அது பெரிய இழப்பாகப் படுகிறது. வண்ணம் மிஞ்சிய ஒன்று கிடைத்தால் நடைக்கூடத்தில் தனியாக நிறுத்துங்கள்.

நாற்காலிக்கு மட்டும் பீடர்மையரை விட்டு விலகுவேன். ரைன் கரை போப்பார்டில் பிறந்த தச்சர் மிக்கேல் தோனெட் வியன்னாவில் குடியேறி 1859இல் அறிமுகப்படுத்திய 14ஆம் எண் நாற்காலி போதும். ஆவியில் வளைத்த பீச் மரம், ஆறே பாகங்கள், பத்துத் திருகாணிகள். செர்ரி எழுதுமேசையின் முன் அது இடத்தை அடைக்காது. பிரம்பு இருக்கை தொய்ந்தாலும் புதிதாகப் பின்னிக்கொள்ளலாம்.