பர்க், ஐபர்க்: செலவை எப்போது கணக்கிடுவது?

நிரலை எந்திர மொழிக்கு மாற்றும் மென்பொருளான கம்பைலரில் எந்திரக் கட்டளைகளைத் தேர்ந்தெடுக்கும் பகுதியைக் கையால் எழுதுவதற்குப் பதிலாக, ஒவ்வொரு கட்டளையையும் ஒரு மர வடிவமாகவும் (கணக்கைக் கிளைகளாகப் பிரித்துக் காட்டும் அமைப்பு) அதற்குரிய செலவாகவும் (அது எடுக்கும் நேரம் போன்றவற்றைக் குறிக்கும் எண்) விதிகளில் எழுதிக் கொடுத்தால், அப்பகுதியைத் தானே ஆக்கித் தரும் கருவிகள் உள்ளன. அவற்றுள் ட்விக், பர்க், ஐபர்க் ஆகிய மூன்றும் சிறு பகுதிகளின் விடைகளைக் கொண்டு முழு விடையைக் கட்டும் டைனமிக் புரோகிராமிங் முறையில் மிகக் குறைந்த செலவுள்ள விதித்தொகுப்பையே தேடுகின்றன. ட்விக்கை இன்று எடுத்துக்கொள்ளக் காரணம் எதுவுமில்லை. ஐபர்க் ஆக்கும் நிரல் அதைவிட 25 மடங்கு வரை வேகமாக ஓடும் என்று ஐபர்க்கை உருவாக்கிய ஃபிரேசர், ஹான்சன், ப்ரோப்ஸ்டிங் ஆகியோர் 1992இல் காட்டிவிட்டனர்.

உண்மையான போட்டி மற்ற இரண்டுக்கும் இடையில்தான். ஃபிரேசரும் ப்ரோப்ஸ்டிங்கும் இரண்டிலும் பங்கேற்றவர்கள். இரண்டும் ஒரே வகை விதிக்கோப்பையே படிக்கின்றன. பர்க், செலவுக் கணக்கு முழுவதையும் கம்பைலரை உருவாக்கும்போதே முடித்து அட்டவணைகளாக்கிவிடுவதால், கம்பைலர் ஓடும்போது மரத்தின் ஒவ்வொரு கணுவிலும் (ஒரு செயலையோ மதிப்பையோ குறிக்கும் புள்ளி) அட்டவணையைப் பார்ப்பதோடு வேலை முடிகிறது. ஐபர்க்கோ அக்கணக்கைக் கம்பைலர் ஓடும் நேரத்திற்குத் தள்ளிவைக்கிறது. ஆகவே அது வேகத்தில் பர்க்குக்குப் பின்தங்கியே தீரும்.

ஆனால் தள்ளிவைப்பதில் ஒரு பெரிய ஆதாயம் இருக்கிறது. ஸ்பார்க் செயலியின் கூட்டல் கட்டளையில் −4096 முதல் 4095 வரையுள்ள மாறிலியை நேரடியாக வைக்கலாம். அதைவிடப் பெரிய மாறிலியைப் பொதுவாக முதலில் இரண்டு கட்டளைகளால் செயலிக்குள் உள்ள சிறு நினைவிடமான ரெஜிஸ்டரில் ஏற்றியாக வேண்டும். மரத்தின் வடிவம் இரண்டிலும் ஒன்றே, மதிப்பு மட்டுமே வேறு. விதியில் எழுதிய நிலையான எண்ணையே செலவாக ஏற்கும் பர்க்கால் இந்த வேறுபாட்டைக் காண இயலாது. சிறிய மாறிலிக்குத் தனிக் கணுப்பெயர் சூட்டி முன்கூட்டியே பிரித்துத் தர வேண்டியிருக்கும். ஐபர்க்கின் வழித்தோன்றலும் எல்சிசி என்ற சி மொழிக் கம்பைலரில் பயன்படுவதுமான எல்பர்க்கில், செலவு இருக்கும் இடத்தில் மாறிலியின் மதிப்பைப் பார்த்துச் செலவைக் கணக்கிடும் ஒரு சி மொழிக் கோவையையே எழுதிவிடலாம்.

கருவியின் பருமனும் கவனிக்கத்தக்கது. சி மொழியில் ஐபர்க் 950 வரிகள், பர்க் 5000 வரிகள். ஐபர்க் ஆக்கித் தருவது படித்தறியக்கூடிய சி நிரல் என்பதால், தவறான விதி தேர்வானால் பிழைதேடும் கருவியான டிபக்கரில் வரிவரியாகப் பின்தொடரலாம். பர்க்கின் எண் அட்டவணைகளில் அந்த வசதி கிடையாது. விதிகளில் பிழைசெய்து பழகிய எனக்கு வேகத்தைவிட இதுவே பெரிதாகத் தோன்றுகிறது.

ஆகவே புதிய செயலி ஒன்றுக்கு எழுதத் தொடங்குபவர் ஐபர்க்கை எடுப்பதே நல்லது. கட்டளைத் தேர்வின் நேரமே உறுத்தலாகி, செலவுகளும் நிலையானவையாகவே இருந்தால், அதே விதிக்கோப்பைப் பிறகு பர்க்கிடம் கொடுக்கலாம்.