சொந்த உரிமமா, கடன் உரிமமா?

காரைக்குடியில் அக்கா ஒருவர் நலங்கு மாவு விற்கிறார். கல்யாண வீடுகளில் ஆரம்பித்தது, இப்போது வெளியூரிலிருந்தும் ஆர்டர். பச்சைப்பயறு, கஸ்தூரி மஞ்சள், பூலாங்கிழங்கு, ஆவாரம்பூ எல்லாம் வளவு முற்றத்தில்தான் காயும். அழகுசாதனமாக விற்க, மத்திய அரசின் 2020 அழகுசாதன விதிகளின்படி உரிமம் வேண்டும். சொந்த இடத்தில் தயாரிக்கச் சொந்த உரிமம், பிறர் ஆலையில் தயாரிக்கக் கடன் உரிமம் (loan licence).

சொந்த உரிமம் என்றால் முதல் சிக்கல் வீடுதான். குடியிருப்போடு இணைந்த இடத்தில் தயாரிக்கக் கூடாது. வீட்டின் இரண்டாங்கட்டு எவ்வளவு விசாலமாக இருந்தாலும் கணக்கில் வராது! பவுடருக்குச் சுமார் 15 சதுர மீட்டர் தனி இடம், காற்றை வெளியேற்றும் மின்விசிறி, வேதியியலோ மருந்தியலோ படித்த முழுநேர ஆள், தரச் சோதனை ஏற்பாடு, எல்லாம் தேவை. ஆனால் அரைப்பும் பக்குவமும் உங்கள் கையில்.

கடன் உரிமத்தில் உரிமம் உள்ள வேறொருவர் ஆலையில் உங்கள் சரக்கைத் தயாரிக்கலாம். கட்டட முதலீடு மிச்சம். ஆனால் ஆலைக்காரர்கள் சொல்லும் குறைந்தபட்ச அளவுக்குக் காசு முடங்கும். ஒரு தடவை அக்காவுக்கு வந்த மாவு நறநறவென்றிருந்தது, மறுபடி சலிக்க வேண்டியதாயிற்று.

லேபிளில் பேட்ச் எண், தயாரித்த தேதி, சேர்மானப் பட்டியல் எல்லாம் இரண்டு உரிமத்துக்கும் கட்டாயம்.

மாதம் ஐம்பது கிலோ ஓடும்வரை கடன் உரிமமே போதும் என்பேன்.